பனியன் வேஸ்ட்டும் 9ஹெச் கோட்டிங்கும்



இந்தப் பக்கத்துக்கு வருகிற கடிதங்களில் பாதி கடலையைப் பற்றியும் மீதி தண்ணீரைப் பற்றியும் இருக்கும். திங்கட்கிழமை சேவூர் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் முதல் ரகம் என்ன விலைக்குப் போனது, அத்திக்கடவுத் திட்டத் தண்ணீர் எந்தக் குளத்துக்கு வந்தது, எந்தக் குளம் இன்னும் காய்ந்து கிடக்கிறது, இப்படி. கொஞ்ச காலமாக நடுவில் காரும் புகுந்துகொண்டது. 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. அந்த மாதம் முடிந்த மறுநாளே ஆயுத பூஜை. வாலீஸ்வரர் கோயில் முன்னால் மாலை போட்டு நிற்கிற புது வண்டிகளைப் பார்த்தவர்களுக்கு மேற்கொண்டு நான் சொல்ல வேண்டியதில்லை.

வரியில் மிச்சமான பணம் எங்கே போகிறது என்பதைத்தான் இப்போதைய கடிதங்கள் சொல்கின்றன. ஒரு வாசகர் எழுதியிருப்பதை அப்படியே தருகிறேன்: "ஏனுங்க, வண்டி எடுக்கப் போன எடத்துல கோட்டிங் போட்டே ஆகோணும்ங்கறாங்க. முப்பதாயிரம் கேக்கறாங்க. போடலீன்னா ரெண்டு வருசத்துல பெயின்ட் வெளுத்துப் போயிருமாமா. எங்கப்பா அம்பாசிடருக்கு டப்பா மெழுகு ஒண்ணுதான் போட்டாரு. இதுல எது நெசமுங்க?" இதே கேள்வியை வேறு சிலரும் கேட்டிருக்கிறார்கள். ஒருவரிடம் டெஃப்லான் என்று சொல்லியிருக்கிறார்கள், இன்னொருவரிடம் செராமிக், மூன்றாமவரிடம் கிராஃபீன்.

பொறுமை இல்லாதவர்களுக்காகப் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோட்டிங்கை ஏமாற்று வேலை என்று சொல்ல மாட்டேன். முறையாகப் போட்டால் அதற்கென்று பலன் உண்டு. ஆனால் நம் பக்கத்தில் கார் பெயின்ட்டைக் கெடுப்பது பெரும்பாலும் கழுவுகிற தண்ணீரும் துடைக்கிற துணியும்தான். அவை இரண்டையும் அப்படியே விட்டுவிட்டு கோட்டிங்குக்குப் பணம் கட்டினால், அந்தப் பணத்தையும் சேர்த்துத் துடைத்து எடுத்துவிடுவோம்.

அப்பா காலத்து அம்பாசிடரிலிருந்து தொடங்கலாம். 1958 முதல் 2014 வரை ஓடிய அந்த வண்டிக்கு அதன் பெரும்பகுதிக் காலத்தில் அடிக்கப்பட்ட பெயின்ட்டில் நிறம்தான் மேல் அடுக்கு. வெயிலும் காற்றும் நேராக நிறத்தின் மேலேயே வேலை செய்யும். சில வருடங்களில் பெயின்ட் மங்கி, தொட்டால் கையில் மாவாக ஒட்டும். ரப்பிங் காம்பவுண்ட் போட்டுத் தேய்த்தால் துணியில் வண்டியின் நிறமே வரும். அந்தப் பெயின்ட்டுக்கு மெழுகு கட்டாயம் தேவைப்பட்டது. மெழுகு போடாத அம்பாசிடரைப் பார்த்த உடனே கண்டுபிடித்துவிடலாம்.

இன்றைய கார் அப்படியில்லை. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்து ஆலைகளில் நடப்பதைத்தான் உலகம் முழுவதும் செய்கிறார்கள். பாடியை முதலில் தொட்டியில் முக்கி, மின்சாரத்தின் உதவியால் துருத் தடுப்புப் பூச்சு ஏற்றுகிறார்கள். அதன் மேல் பிரைமர், அதன் மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமே இல்லாத கிளியர் கோட். பிறகு அடுப்பில் வேகவைக்கிறார்கள். எல்லாம் சேர்ந்து பெரும்பாலும் 100 முதல் 140 மைக்ரான், அதில் கிளியர் கோட் மட்டும் 40 மைக்ரான் அளவு. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. சூரியனின் புற ஊதாக் கதிரைத் தாங்குவதற்கான மருந்து அந்தக் கிளியர் கோட்டிலேயே கலந்து வருகிறது. ஆகவே, கோட்டிங் போடாவிட்டால் இரண்டு வருடத்தில் பெயின்ட் வெளுத்துவிடும் என்று சொல்பவரிடம், "அப்படியென்றால் கம்பெனி என்ன பெயின்ட் அடித்தது?" என்று திருப்பிக் கேளுங்கள். கோபப்படாமல் கேளுங்கள், அவர் மாதக் கணக்கு முடிக்க வேண்டிய பையன்.

நாம் காப்பாற்ற வேண்டியது அந்த 40 மைக்ரானைத்தான். மெழுகு, சீலன்ட், கோட்டிங் மூன்றுமே அதன் மேல் நின்று, அதற்குப் பதிலாகத் தாம் தேய்ந்து போகிற வேலையைச் செய்கின்றன. எவ்வளவு நாள் நிற்கும், எதைத் தாங்கும் என்பதில்தான் வித்தியாசம்.

மெழுகில் பேர் பெற்றது கார்னபா. பிரேசிலின் வடகிழக்கில், மழை குறைந்த பூமியில் வளர்கிற ஒரு பனை இனத்து மரம். தன் ஓலையிலிருந்து ஈரம் போகாமல் இருக்க அது ஓலை மேல் மெழுகைச் சுரக்கிறது. அந்த ஓலையைக் காயவைத்து, தட்டி எடுத்துச் சுத்தம் செய்தால் கார்னபா. கார் மேல் மட்டுமா, மிட்டாய் மேலும் மாத்திரை மேலும் இருக்கிற பளபளப்பில் இதற்குப் பங்கு உண்டு. இது உருகுவதற்கு 82 முதல் 86 டிகிரி வேண்டும். இயற்கை மெழுகுகளில் இது மிக அதிகமானவற்றில் ஒன்று. ஆனால் டப்பாவில் வருவது கலப்படமில்லாத கார்னபா இல்லை. எண்ணெயும் கரைப்பானும் வேறு மெழுகுகளும் கலந்தால்தான் கையால் பூச முடியும், கலந்ததும் இளகும் சூடு குறைந்துவிடும். சித்திரை வெயிலில் மதியம் நிறுத்திய கருநிற வண்டியின் போனட்டில் கை வைத்துப் பார்த்தவர்களுக்கு அந்த மெழுகு எத்தனை நாள் நிற்கும் என்பது புரியும். சில வாரம், மிஞ்சினால் இரண்டு மாதம். ஆனால் அழகு என்று எடுத்துக்கொண்டால் மெழுகின் ஈரமான மினுமினுப்பு வேறு எதற்கும் வராது என்பவர்கள் இருக்கிறார்கள். நானும் அந்தக் கட்சிதான். ஞாயிற்றுக்கிழமை காலையை இப்படிச் செலவழிக்க மனம் இருப்பவருக்கு மெழுகு போதும்.

சீலன்ட் என்பது ஆலையில் செய்த பாலிமர். இது நம் பக்கத்துக்குப் புதிய சரக்கே அல்ல. மழைக்கு நனையாத ஜாக்கெட் துணிக்குப் பேடிங்கில் ரசாயனம் ஏற்றி ஸ்டென்டரில் சூடு காட்டி எடுக்கிறோமே, அந்தச் சிலிக்கான், ஃபுளோரோ வகைகளின் உறவினர்கள்தான் காருக்கும் வருகின்றன. ஸ்டென்டர் சூடு இல்லாமல், அறை வெப்பத்திலேயே ஒட்டும்படி செய்திருக்கிறார்கள், அவ்வளவுதான். நான்கு முதல் ஆறு மாதம் நிற்கும். தெளித்துத் துடைக்கிற பாட்டில் சில நூறு ரூபாயிலிருந்தே கிடைக்கிறது.

டெஃப்லான் கோட்டிங் என்பதையும் இங்கேயே முடித்துவிடலாம். 1938-ல் ராய் பிளங்கெட் என்பவர் தற்செயலாகக் கண்டுபிடித்த அந்தப் பொருள் 327 டிகிரியில்தான் உருகும். தோசைக்கல்லில் ஏற்றும்போது அந்தச் சூட்டுக்குக் கொண்டுபோய்த்தான் ஒட்டவைக்கிறார்கள். காரின் பெயின்ட்டை அப்படிச் சூடாக்கினால் பெயின்ட்டே மிஞ்சாது. டெஃப்லான் என்ற பெயரில் பூசப்படுவதில் நமக்கு வேலை செய்வது உடன் கலந்திருக்கும் பாலிமரும் மெழுகும். அதாவது நீங்கள் ஒரு சீலன்ட்டை, சீலன்ட்டின் விலையைவிடப் பல மடங்கு கொடுத்து வாங்குகிறீர்கள்.

இனி செராமிக். பெயரைக் கேட்டுப் பீங்கான் ஓட்டை நினைத்துக்கொள்ள வேண்டாம். பாட்டிலில் இருப்பது சிலிக்கான் சார்ந்த திரவம். பூசியதும் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டு, மணலும் கண்ணாடியும் எதனால் ஆனவையோ அந்தச் சிலிக்காவின் வலைப்பின்னலாக இறுகுகிறது. கிளியர் கோட்டோடு கெட்டியாகப் பிடித்துக்கொள்வதால் சோப்பு, ஷாம்பு எதற்கும் அசையாது. எடுக்க வேண்டுமென்றால் பாலிஷ் மெஷின் போட்டுத் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். நன்றாகப் போட்டுப் பராமரித்தால் இரண்டு மூன்று வருடம் நிற்கும். காக்கை எச்சம், மரப்பால், புங்கமரத்திலிருந்து சொட்டும் பிசின், பாய்லர் சாம்பல் இவற்றுக்கெல்லாம் மெழுகைவிட நன்றாகத் தாங்கும். கிராஃபீன் என்று விற்பதும் அடிப்படையில் இதே குடும்பம்தான்.

தடிமன் எவ்வளவு தெரியுமா? ஒன்று அல்லது இரண்டு மைக்ரான். பல சமயம் அதற்கும் கீழே. ஒரு காருக்கு 30 முதல் 50 மில்லி மருந்து போதும், ஒரு இருமல் மருந்துப் பாட்டிலில் பாதி. அப்படியானால் முப்பதாயிரம் எதற்கு? கூலிக்கு. கழுவி, ஒட்டியிருக்கும் பிசிறை எடுத்து, கோடுகள் போகும்வரை பாலிஷ் போட்டு, ஆல்கஹால் கலந்த திரவத்தால் எண்ணெய்ப் பசை இல்லாமல் துடைத்து, அதற்குப் பிறகுதான் அந்த 30 மில்லியைத் தொட வேண்டும். நேர்மையாகச் செய்தால் ஒரு நாள் போதாது, இரண்டு நாள் ஆகும். ஏனென்றால் இது கண்ணாடி மாதிரி. கீழே கோடு இருந்தால் கோட்டையும் சேர்த்து உள்ளே வைத்துப் பூட்டிவிடும். டெலிவரிக்கு வண்டி நிற்கும்போதே, தேங்காய் உடைப்பதற்குள் போட்டுத் தருகிறோம் என்பவர்கள் இந்த முன்வேலையை எப்போது செய்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

இந்த இடத்தில்தான் நம் ஊர்க்காரர்கள் மேல் எனக்குக் கொஞ்சம் வருத்தம். துணி விஷயத்தில் நம்மை யாரும் ஏமாற்ற முடியாது. லேப் டிப் வரும், ஷேடு பார்ப்போம். 100 சதுர சென்டிமீட்டர் வட்டத்தை வெட்டி எடை போட்டு, நூறால் பெருக்கி ஜிஎஸ்எம் சொல்லிவிடுவோம். சலவைக்குச் சாயம் போகிறதா என்று ஒன்றிலிருந்து ஐந்து வரை கிரேடு போடுவோம், நாலுக்குக் கீழே வந்தால் பையர் முகத்தில் விழிக்க முடியாது. தண்ணீர் ஒட்டாத துணி என்றால் சும்மா விடுகிறார்களா? தண்ணீரைத் தெளித்துப் பார்த்து மார்க் போடு, இருபது சலவைக்குப் பிறகு மறுபடி தெளித்துப் பார்த்து மார்க் போடு என்கிறார்கள். மெர்ச்சன்டைசர் பிள்ளைகளுக்குத் தூக்கத்திலும் இந்த ரிப்போர்ட்தான். அதே நாம் கார் கடைக்குப் போனால், "அஞ்சு வருச வாரன்டி சார்" என்ற ஒரு வார்த்தைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறோம். வாரன்டி அட்டையின் பின்பக்கத்தில், வருடா வருடம் அவர்களிடமே வந்து பராமரிப்புக்குப் பணம் கட்டினால்தான் செல்லும் என்று பொடி எழுத்தில் இருக்கிறதா என்றாவது பார்க்க வேண்டாமா?

"9ஹெச் சார், கோடே விழாது" என்பார்கள். 9ஹெச் என்பது பென்சில் கணக்கு. பெயின்ட் மேல் பென்சில்களை ஒவ்வொன்றாக அழுத்தி இழுத்துப் பார்க்கிற சோதனை ஒன்று உண்டு, ஐஎஸ்ஓ 15184 என்று எண். 9ஹெச் அதில் கடைசிப் பென்சில். அதற்கும் கோடு விழவில்லை என்றால் 9ஹெச். சரி, நம் சாலைத் தூசு பென்சில் கரியா? காரணம்பேட்டைப் பக்கத்துக் கிரஷர்களிலிருந்து வரும் லாரிக்குப் பின்னால் ஒரு கிலோமீட்டர் போனால் வண்டி மேல் படிகிறதே, அது கல் தூள். அதிலுள்ள குவார்ட்ஸின் கடினம் கனிமங்களுக்கான மோஸ் அளவையில் 7. சாதாரணக் கத்தியின் எஃகு அதில் ஐந்தரை அளவுதான் வரும். வைரத்துக்குப் பத்து கொடுக்கிற இந்த மோஸ் கணக்கையும் பென்சில் கணக்கையும் வாங்குகிறவர் குழப்பிக்கொண்டு, 9ஹெச் என்றால் வைரத்துக்கு அடுத்தது என்று நினைத்துக்கொள்கிறார். விற்கிறவர் திருத்துவதில்லை. அந்தத் தூசை உலர்ந்த துணியால் ஒரு இழுப்பு இழுத்தால் கோட்டிங்கிலும் கோடு விழும், கிளியர் கோட்டிலும் விழும்.

சரி, கோட்டிங் போட்டார்களா என்று மைக்ரான் மீட்டர் வைத்துப் பார்த்துவிடலாமே என்று கேட்கலாம். முடியாது. அந்த மீட்டரின் பிழையே இரண்டு மூன்று மைக்ரான் இருக்கும். ஒரு மைக்ரான் கோட்டிங் அதற்குள் காணாமல் போய்விடும். ஆனால் மீட்டர் வேறு விதத்தில் உதவும். பாலிஷுக்கு முன்னும் பின்னும் அளவெடுத்து எழுதித் தரச் சொல்லலாம். எவ்வளவு கிளியர் கோட்டைத் தேய்த்தார்கள் என்று தெரியும், ஏற்கெனவே எங்கேயாவது டச்-அப் அடித்த வண்டியா என்பதும் வெளியே வந்துவிடும். சீல் உடைக்காத பாட்டிலை நம் கண் முன்னால் திறக்கச் சொல்லலாம். போனட்டின் பாதியில் மட்டும் போட்டுக் காட்டச் சொல்லி, பாத்திரம் கழுவும் திரவத்தால் இரண்டு பக்கமும் கழுவிவிட்டுத் தண்ணீர் ஊற்றிப் பார்க்கலாம். மெழுகாக இருந்தால் அந்தக் கழுவலிலேயே பெரும்பாலும் போய்விடும்.

தண்ணீர் உருண்டு ஓடுவதை மட்டும் பார்த்து மயங்க வேண்டாம். கடைக்காரர் போனட்டில் தண்ணீர் தெளித்துக் காட்டுவார், முத்து முத்தாக நிற்கும், நாம் போனில் படம் எடுத்துக்கொள்வோம். புது மெழுகிலும் அப்படித்தான் நிற்கும். அதைவிட முக்கியம், அந்த முத்து நம் ஊர்த் தண்ணீரில் ஆனதாக இருந்தால் அது நமக்கு நன்மையே அல்ல.

அவிநாசி, சேவூர் சுற்று வட்டாரத்தில் போர் தண்ணீரின் லட்சணம் எல்லோருக்கும் தெரியும். குடிக்க ஆத்துத் தண்ணீர், மற்றதுக்கெல்லாம் உப்புத் தண்ணீர். குடிநீருக்கான இந்தியத் தரம், கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியில்லையென்றால் 2000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது. உங்கள் போரில் 1500 இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கழுவிய பிறகு வண்டி மேல் அரை லிட்டர் தண்ணீர் தங்கி, வெயிலில் அப்படியே காய்கிறது. முக்கால் கிராம் உப்பு பெயின்ட் மேல் மிச்சம். வாரா வாரம். தண்ணீர் தட்டையாகப் பரவி வழிந்தால் பெரும்பகுதி கீழே போய்விடும். முத்தாக நின்றால் ஒவ்வொரு முத்தும் நின்ற இடத்திலேயே சுருங்கி, வெள்ளை வளையமாக உட்கார்ந்துகொள்ளும். கோட்டிங் போட்ட பிறகுதான் புள்ளி அதிகமாகத் தெரிகிறது என்று ஒரு வாசகர் குறைப்பட்டிருக்கிறார். அவர் சொல்வதில் தவறில்லை. போட்டவர் சரியாகப் போட்டிருந்தாலும் அப்படி ஆகும்.

இதற்கு மருந்து எளிது. வெயிலில் கழுவாதீர்கள். சூடான போனட்டில் ஊற்றாதீர்கள். கடைசி வாளி மட்டுமாவது ஆத்துத் தண்ணீராகவோ, ஆர்.ஓ. தண்ணீராகவோ, மழைக்காலத்தில் பிடித்து வைத்த ஓட்டுத் தண்ணீராகவோ இருக்கட்டும். உடனே துடைத்து எடுங்கள். ஏற்கெனவே புள்ளி விழுந்திருந்தால், வினிகரில் சம அளவு நல்ல தண்ணீர் கலந்து, நிழலில் வைத்து, நனைந்த துணியால் ஒற்றி, ஒரு நிமிடத்தில் கழுவிவிடுங்கள். சுண்ணாம்புப் புள்ளி கரைந்துவிடும். பல மாதம் காய்ந்து பெயின்ட்டுக்குள் குழி பறித்த புள்ளிக்குப் பாலிஷ்தான் வழி.

துணிக்கு வருவோம். உலகத்துக்கே துணி தைத்துக் கொடுக்கிற ஊரில் காரைத் துடைக்க எதை எடுக்கிறோம்? பனியன் வேஸ்ட். கட்டிங் டேபிளுக்குக் கீழே விழுந்தது, மூட்டை கட்டி, கிலோ கணக்கில் நாடு முழுக்க ஒர்க்‌ஷாப்புகளுக்குப் போகிறது. கிரீஸ் துடைக்க அதைப்போல் ஒன்று கிடையாது. ஆனால் அந்த மூட்டைக்குள் என்னவெல்லாம் இருக்கிறது என்று நமக்குத் தெரியாதா? ஓவர்லாக் நூல், எலாஸ்டிக் துண்டு, பாலியஸ்டர் லேபிள், காய்ந்த ரப்பர் பிரின்ட், சில சமயம் பட்டனே இருக்கும். சுத்தமான பருத்தித் துண்டாகவே இருந்தாலும் சிங்கிள் ஜெர்சி தட்டைத் துணி. தூசு போய் ஒளிந்துகொள்ள அதில் இடமில்லை. துணிக்கும் பெயின்ட்டுக்கும் நடுவில் நின்று உப்புத்தாள் வேலை பார்க்கும். காலையில் டிரைவர் அண்ணன் பக்கெட்டைக்கூடத் தேடாமல், உலர்ந்த துணியால் வண்டியை "தூசு தட்டி" வைக்கிறாரே, வெயிலில் பார்த்தால் சிலந்தி வலை மாதிரித் தெரியும் வட்டக் கோடுகளில் பெரும்பாலானவை அவர் அன்போடு போட்டவை.

மைக்ரோஃபைபர் துணி எடுங்கள். மயிரிழையைவிடப் பல மடங்கு மெல்லிய அந்த நூலை 1970-ல் ஜப்பானின் டோரே நிறுவனத்தில் மியோஷி ஒகமோட்டோ உருவாக்கியபோது, செயற்கை ஸ்வேட் தோல் செய்வதுதான் நோக்கம். பாலியஸ்டரும் பாலியமைடும் 80-க்கு 20, அல்லது 70-க்கு 30. நூல் பிளந்திருப்பதால் அழுக்கை உள்ளே இழுத்துக்கொள்ளும். துடைக்க 300 ஜிஎஸ்எம் அளவு, ஈரம் ஒற்ற 500-க்கு மேல். ஜிஎஸ்எம் உங்களுக்கு நான் சொல்லித் தரவேண்டியதா? ஓரத்தில் ஓவர்லாக் இல்லாததாகப் பாருங்கள், லேபிளை வெட்டிவிடுங்கள். துவைக்கும்போது கம்ஃபர்ட் போன்ற மென்மைத் திரவம் சேர்க்க வேண்டாம், நூலிடுக்கு அடைத்துக்கொள்ளும். கீழே விழுந்த துணியை அன்றைக்கு டயருக்கு ஒதுக்கிவிடுங்கள்.

கழுவும்போது முதலில் வெறும் தண்ணீரை அடித்துத் தூசைப் போக்குவது, பிறகு கார் ஷாம்பு. இரண்டு வாளி: ஒன்றில் நுரை, ஒன்றில் துணி அலசத் தண்ணீர். சோப்புத் தூளும் பாத்திரத் திரவமும் மெழுகையும் சீலன்ட்டையும் கழுவிக்கொண்டு போய்விடும். தலைக்குப் போடும் ஷாம்பு சாஷேயைக் கரைக்கிறவர்கள் அதிகம். பரவாயில்லை, தூளுக்கு அது மேல்.

பூஜைப் பொட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. குங்குமத்தில் மஞ்சளோடு சுண்ணாம்பும் உண்டு, திருநீறு சாம்பல். போனட்டில் வைத்துவிட்டு ஒரு வாரம் வெயிலில் விட்டு, பிறகு காய்ந்ததைச் சுரண்டினால் பட்டை அப்படியே பெயின்ட்டில் நிற்கும். சாமி கோபித்துக்கொள்ளாது, கண்ணாடியில் வையுங்கள். போனட்டில்தான் வைப்பேன் என்றால் மறுநாள் நனைத்து ஊறவைத்து எடுங்கள். எச்சத்துக்கும் இதே முறைதான். அதிலுள்ள யூரிக் அமிலம் ஒரு பக்கம், வெயிலில் இளகிய கிளியர் கோட் மாலையில் இறுகும்போது எச்சத்தின் அச்சைப் பிடித்துக்கொள்வது மறுபக்கம். கோட்டிங் இருந்தால் சில மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும். ஒரு வாரம் கிடைக்காது.

மயிலுக்கு மட்டும் எந்தப் பாட்டிலிலும் மருந்தில்லை. நம் காட்டோரத் தோட்டங்களில் ஆண் மயில் பளபளக்கும் கதவில் தன் உருவத்தைப் பார்த்து, எதிரி என்று நினைத்துக் கொத்துகிறது. வண்டி எவ்வளவு பளபளப்போ அவ்வளவு கொத்து. கோட்டிங் கடைக்காரர் இதை விளம்பரத்தில் போடமாட்டார்.

கொத்தையும் கல்லையும் கொஞ்சம் தாங்குவது பிபிஎஃப் என்கிற படலம் மட்டும்தான். வியட்நாம் போரில் அமெரிக்க ஹெலிகாப்டர் இறக்கைகளை மணலிலிருந்து காக்க வந்த பாலியூரித்தேன் படலத்தின் வாரிசு இது. தோள்பட்டைத் தையலில் வைத்துத் தைக்கிறோமே மொபிலான் டேப், அதுவும் பாலியூரித்தேன்தான். இழுத்தால் நீண்டு திரும்புகிற குணம் இரண்டுக்கும் ஒன்று. படலத்தில் விழும் லேசான கீறல் வெயில் சூட்டில் தானே மூடிக்கொள்ளும். தடிமன் 150 முதல் 200 மைக்ரான், அதாவது கோட்டிங்கைப் போல ஏறக்குறைய நூறு மடங்கு. விலையும் அதற்கேற்றபடி, முழு வண்டிக்கு லட்சத்தைத் தொடும். அவிநாசியிலிருந்து தினமும் சேலம் நெடுஞ்சாலையில் ஓடுகிறவர் முன் பம்பருக்கும் போனட்டுக்கும் மட்டும் ஒட்டிக்கொள்வதில் அர்த்தம் இருக்கிறது.

கடிதம் எழுதிய தம்பிக்கு: நீங்கள் எடுத்திருப்பது வெள்ளை வண்டி என்று எழுதியிருக்கிறீர்கள். வெள்ளையில் கோடு கண்ணுக்கே தெரியாது. வீட்டில் போர்டிகோ இருக்கிறது. முப்பதாயிரத்தை வைத்துக்கொள்ளுங்கள். நல்ல சீலன்ட் ஒன்று, மைக்ரோஃபைபர் அரை டஜன், இரண்டு வாளி, சித்திரைக்கு முன் ஒரு தடவை, ஐப்பசி மழைக்கு முன் ஒரு தடவை போடுங்கள், போதும். கறுப்பு வண்டி எடுத்து, புங்கமரத்தடியில் நிறுத்துகிற, பத்து வருடம் வைத்திருக்கப் போகிற பெருந்தொழுவு வாசகிக்கு வேறு பதில்: கோட்டிங் போடுங்கள் அம்மா. ஆனால் ஷோரூமில் வேண்டாம். வண்டியை இரண்டு நாள் வைத்துக்கொண்டு, மேலே சொன்ன வேலைகளைச் செய்துகாட்ட ஒத்துக்கொள்கிற கடையாகப் பாருங்கள். போட்ட பிறகு ஒரு வாரம் ஷாம்பு தொடாதீர்கள், முதல் நாள் தண்ணீரே படக்கூடாது. அப்பாவின் பழைய அம்பாசிடரை இன்னும் ஷெட்டில் வைத்திருப்பவர்கள் அதற்கு மெழுகே போடுங்கள். அந்தப் பெயின்ட்டுக்கு அதுதான் பொருந்தும்.

ஒரு வேண்டுகோள். தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் இப்போது பல வீடுகளில் இருக்கிறது, இல்லாதவர்கள் ஆர்.ஓ. மெக்கானிக் வரும்போது கேட்டு வாங்குங்கள். உங்கள் ஊர்ப் பெயர், போரின் ஆழம், மீட்டர் காட்டிய எண், இந்த மூன்றையும் ஒரு அட்டையில் எழுதி அனுப்புங்கள். அத்திக்கடவுத் தண்ணீர் குளத்துக்கு வந்த ஊர்க்காரர்கள், வருவதற்கு முன் எடுத்த பழைய அளவு கையில் இருந்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள். சேவூர், புளியம்பட்டி சாலையோரத்து ஊர்களிலிருந்து தொடங்கி ஒரு அட்டவணையாகப் போடலாம் என்றிருக்கிறோம். காருக்கு மட்டும் உதவுகிற அட்டவணையாக அது இருக்காது.

அன்புடன்,
ஆசிரியர்